பையில் சேராத ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் கைராசி சிஸ்டர் என்றால் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வலியெடுத்து வருகிற பெண்கள் ஸ்ட்ரெச்சரில் படுக்கும்போதே, "கைராசி சிஸ்டர் டியூட்டியில இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இல்லையென்று சொல்லிவிட்டால், அவர் வருகிற ஷிப்ட் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஷிப்டாவது ஒன்றாவது, அது பாட்டுக்கு வந்துவிடும்.

ராசி என்பதையெல்லாம் சிஸ்டர் நம்பியதில்லை. ஆனால் தன் கையை நம்பினார். தலை திரும்பாத பிள்ளையை வயிற்றுக்கு மேலிருந்தே தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிற கை அது. பிள்ளை வெளியே வந்து விழுந்ததும் அந்தக் கை இன்னொரு காரியமும் செய்யும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தாய்ப் பக்கமிருந்து பிள்ளைப் பக்கமாக மெதுவாக உருவி விடும். கொடிக்குள் தங்கியிருக்கிற ரத்தம் பிள்ளைக்குள் போய்ச் சேரும். அதற்கப்புறம்தான் கிளிப், கத்தரிக்கோல் எல்லாம். இளம் டாக்டர்கள் யாராவது இதென்ன என்று கேட்டால், "அதுக்குச் சேர வேண்டியது அதுக்கே போகட்டுமே, வாளிக்கு எதுக்கு?" என்பார்.

வாளி என்று அவர் சொன்னது பிரசவ மேஜைக்கு அடியில் மூடிபோட்டு வைத்திருக்கிற எவர்சில்வர் வாளியை. பிள்ளைக்குப் பின்னால் வருகிற நஞ்சுக்கொடி அதில்தான் விழும். வாரத்துக்கொரு முறை ஐஸ் பெட்டியோடு ஒரு வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். ஏதோ மருந்து கம்பெனிக்குப் போகிறது என்றார்கள். டிரைவர் வார்டு வாசலில் நின்று, "நஞ்சு இருக்கா சிஸ்டர்?" என்று உரக்கக் கேட்பார். புதிதாக வந்த பார்வையாளர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். "இருக்கு, உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று சிஸ்டர் பதில் சொல்வார். வார்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் அது.

சிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு யாரும் காரணமில்லை. ஒரே தங்கை இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள், பள்ளிக்கூடம் போகிற பெண்ணை விட்டுவிட்டு. தங்கையின் கணவர் ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர், அங்கேயே வேறு குடும்பமும் பார்த்துக்கொண்டார். ஆக அந்தப் பெண் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை குவார்ட்டர்ஸ். சிஸ்டர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார். தலைக்கு மேல் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி ஒரு பெண்ணைப் பெற்ற பிறகும் அவள் பாப்பாதான். "பெரியம்மா, என் பொண்ணு முன்னாடியாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்" என்று அவள் கெஞ்சுவாள். "அவ பெரிய மனுஷி, நீதான் பாப்பா" என்று சிஸ்டர் முடித்துவிடுவார்.

அவள் பெற்ற பெண்ணுக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் சிஸ்டர்தான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து நிறுத்தவில்லை. பாட்டி என்று கூப்பிட்டால் ஊசி போட்டுவிடுவேன் என்று சிஸ்டர் மிரட்டி வைத்திருந்ததால், ஊர் முழுக்கக் கூப்பிடுவதுபோல அவளும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸுக்கு வந்து, சிஸ்டரின் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, தலையணைகளுக்குப் பிரசவம் பார்ப்பாள். "ஆம்பளத் தலையணை பொறந்திருக்கு, காபி வாங்கிக் குடுங்க" என்பாள்.

இந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரு ரத்த டாக்டர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர். ஒரு மத்தியானம் பிரசவ வார்டுக்காரர்கள் எல்லோரையும் டீ அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடம் இருக்கு. அங்க விதை மாதிரி ஒரு வகை செல் இருக்கு, ஸ்டெம் செல்னு பேரு. அது பட்டுப்போச்சுன்னா ரத்தம் ஊறாது. வேற ஒருத்தரோட எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏத்தினா திரும்ப ஊறும். ஆனா பொருத்தம் கிடைக்கறது கஷ்டம். இப்ப விஷயம் என்னன்னா, அதே விதை தொப்புள்கொடி ரத்தத்துலயும் நிறைய இருக்கு. வேற ஒரு நாட்டுல ஒரு சின்னப் பையனுக்கு, அவன் தங்கச்சி பொறந்தப்போ கொடியிலேர்ந்து எடுத்து வெச்ச ரத்தத்தை ஏத்தியிருக்காங்க. அவன் எந்திரிச்சு ஓடறான். அதுக்கப்புறம் அங்கங்க கொடி ரத்தத்தை உறைய வெச்சு சேமிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நாமளும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்."

டீ அறையில் யாரும் பெரிதாக அசரவில்லை. ஒரு ஆயா, "இத்தனை நாளா வாளியில போட்டதுக்கா இவ்வளவு மவுசு?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையால் மூடி தூக்கிப் போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. மேல்மாடிக் குழந்தைகள் வார்டில் வெளுத்துப்போய்ப் படுத்திருக்கிற பிள்ளைகளையும், கீழே அந்த வண்டிக்காரர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு டீ ஆறிப்போனது.

முதலில் பழகிக்கொண்டவர் அவர்தான். பிள்ளை வந்ததும் கொடியை உடனே இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்ட வேண்டும். பிள்ளையை ஒருவர் வாங்கிக்கொள்வார். நஞ்சுக்கொடி இன்னும் உள்ளே இருக்கும்போதே, தாய்ப் பக்கத்துக் கொடியில் தடித்து நிற்கிற நரம்பைத் துடைத்து ஊசியை ஏற்றி, பையைக் கீழே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் தானாக இறங்கும். உறையாமலிருக்கப் பைக்குள் மருந்து இருக்கும், அது கலக்கிற மாதிரி தொட்டிலாட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பை நன்றாகக் கனத்தால்தான் உபயோகம். குறைந்தால் அதில் விதையும் குறைச்சல், பெரிய உடம்புக்குப் போதாது.

எல்லாம் சுலபமாகத்தான் வந்தது, ஒன்றைத் தவிர. கை சும்மா இருக்கவில்லை. பிள்ளை வந்ததும் விரல்கள் தானாகக் கொடியைத் தேடிப் போய் உருவப் பார்த்தன. உருவிவிட்டால் ரத்தம் பிள்ளைக்குப் போய்விடும், பைக்கு என்ன மிஞ்சும்? ஆரம்பத்தில் இப்படிச் சில பைகள் வீணாயின. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பை போடுகிற பிரசவம் என்றால், கையுறைக்கு முன்னால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார். விரல்கள் சேரும்போது அந்தத் தடிப்பு இடறும், உடனே நினைவு வரும். அதற்கப்புறம் ஒரு பைகூட வீணாகவில்லை. ரத்த டாக்டர் கேட்டார், "விரல்ல என்ன காயம் சிஸ்டர்?" "காயமில்ல டாக்டர், கைக்கு மூக்கணாங்கயிறு" என்றார்.

வாயாடிக்கு ஏழு வயதானபோது அவள் கால்களில் நீலம் நீலமாகக் கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. விளையாடி விழுந்திருப்பாள் என்று பாப்பா நினைத்தாள். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பேச்சு குறைந்தது. பேச்சு குறைந்ததைத்தான் சிஸ்டர் முதலில் கவனித்தார். மறுநாளே கையைப் பிடித்து ரத்த டாக்டரிடம் கூட்டிப்போனார்.

பரம்பரையாக வருகிற நோய் என்றார் டாக்டர். எலும்புக்குள் ஊற்று கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டு வருகிறது. இப்போதைக்கு மாசாமாசம் ரத்தம் ஏற்றலாம். மாற்று மஜ்ஜைக்குப் பொருத்தமான ஆள் யாருமில்லை. பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பார்த்தாயிற்று, பாதிதான் பொருந்துகிறது, பாதி போதாது. அப்போது பாப்பா இரண்டாவதாக முழுகாமல் இருந்தாள். பனிக்குடத்து நீரை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நோய் இல்லாமல், பொருத்தமும் இருந்தால் வழியுண்டு. இருக்காமலும் போகலாம்.

இருந்தது. நோயும் இல்லை. டாக்டர் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பிரசவ வார்டுக்கே ஓடிவந்தார், கண்ணாடி நெற்றியில். "சிஸ்டர், பொருந்துது! முழுசா பொருந்துது! உங்க வார்டுலதான் மருந்து வளர்ந்துகிட்டிருக்கு!" சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதார். வாயாடிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "தம்பிப் பாப்பா வரும்போதே எனக்கு கிஃப்ட் எடுத்துட்டு வருதா? அப்ப நல்ல பையன்தான்" என்றாள்.

அடுத்த சில மாதங்கள் வீட்டில் எல்லோரும் பூ மாதிரி நடந்தார்கள். பாப்பா தும்மினால்கூட சிஸ்டர் எழுந்து வந்தார். "யார் பிரசவம் பாக்கறது?" என்று மாப்பிள்ளை ஒரு நாள் கேட்டுவைத்தார். பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன கேள்வி? பெரியம்மா கையில பொறக்காம வேற யார் கையில பொறக்கும்? பையும் அவங்கதான் பிடிக்கணும்."

வலி வந்தது ஒரு காலை நேரத்தில். ஜன்னல் வழியாக வெயில் மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. ரத்த டாக்டர் வாசலில் எடைத்தட்டோடு நின்றார். எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கூட இருந்த இளம் நர்ஸ் பிளாஸ்திரிச் சுருளை நீட்டினாள். "விரலுக்கு, சிஸ்டர்?"

சிஸ்டர் வாங்கவில்லை. "அடி போடி. வேற எதை மறந்தாலும் இதை மறப்பேனா?" என்றார். பாப்பா வலியிலும் சிரித்தாள்.

பிள்ளை சுலபமாக வந்தது. வரும்போதே கத்திக்கொண்டு வந்தது. நல்ல நிறம், நல்ல எடை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிஸ்டர் அதை இரண்டு கையாலும் ஏந்தினார். தன் தங்கை முகத்தை அந்தக் குட்டி நெற்றியில் பார்த்தார். பாப்பா, "பெரியம்மா, நல்லா இருக்கானா?" என்று கேட்டாள். "ராஜா மாதிரி இருக்கான்டி" என்று சிஸ்டர் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில், பிள்ளை என்றால் என்ன செய்யுமோ அதைக் கை செய்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொடியைப் பிடித்து, பிள்ளைப் பக்கமாக, மெதுவாக, அன்பாக உருவிவிட்டன. ஒரு தடவை. திரும்பவும் ஒரு தடவை.

"சிஸ்டர்!" என்றாள் இளம் நர்ஸ்.

கை நின்றது. உடனே கிளிப் போட்டார், வெட்டினார், ஊசியை ஏற்றினார். ரத்தம் இறங்கியது, பிறகு சொட்டியது, பிறகு அதுவும் இல்லை. நஞ்சுக்கொடியை வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கூடப் பார்த்தார். பை தொளதொளவென்று இருந்தது. ரத்த டாக்டர் தட்டில் வைத்துப் பார்த்தார். பாதிகூட வரவில்லை.

"சில கொடியில இவ்வளவுதான் வரும் சிஸ்டர். நம்ம கையில இல்ல" என்றார் அவர்.

"என் கையிலதான் டாக்டர் இருந்துச்சு" என்றார் சிஸ்டர். வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட சொல்லிட்டீங்க, போதும். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்னு அவசியமில்ல. அவங்களுக்கு இப்ப வேற கவலை இருக்கு" என்றார்.

"அவகிட்ட மறைச்சு எனக்குப் பழக்கமில்ல டாக்டர்."

அன்று மாலையே சொன்னார். பாப்பா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒன்றையும் மழுப்பாமல், பிளாஸ்திரி வேண்டாமென்று சொன்னது முதல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மார்பில் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. பாப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அவருடைய கையைப் பார்த்தாள். அப்புறம், "சரி பெரியம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பையை உறைய வைத்துக் காத்திருக்கலாம் என்று டாக்டர் முடிவெடுத்தார். தம்பி ஒரு வயது தாண்டி நன்றாகத் தேறிவிட்டால் அவனிடமிருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, இதையும் அதையும் சேர்த்துப் போடலாம். அதுவரைக்கும் வாயாடி தாங்க வேண்டும். அதனால் எல்லோரும் இரண்டு பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கொழுகொழுவென்று வளர்ந்தான். தவழ்ந்தான். வாயாடி அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "சீக்கிரம் பெருசாகுடா குண்டா, அக்கா வெயிட் பண்றேன்ல?" என்று அதட்டுவாள். அவன் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிப்பான். இதைக் கேட்டுக்கொண்டு சிஸ்டர் வெளியே தாழ்வாரத்தில் நிற்பார். உள்ளே போக அவருக்குக் கால் வராது. பாப்பா போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

வாயாடியால் தாங்க முடியவில்லை. ஏற்றிய ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. தம்பிக்கு ஒரு வயதாகும் முன்பே, இனிமேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று அந்தப் பாதிப் பையையே போட்டார்கள். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. முகமூடி போட்டுக்கொண்டு பாப்பா மட்டும் உள்ளே. சிஸ்டர் தினமும் டியூட்டி முடிந்ததும் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். வாயாடி உள்ளேயிருந்து வெறும் உதட்டை அசைத்து ஏதாவது சொல்வாள். ஒரு நாள் சிஸ்டரின் தொப்பியைக் காட்டி, தனக்கு வேண்டும் என்று சைகை செய்தாள். கிருமி இருக்குமென்று கொடுக்கவிடவில்லை. வெள்ளணுக்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன என்று டாக்டர் ஒரு காலையில் வந்து சொன்னபோது வார்டே கைகொட்டியது. நிலைக்கவில்லை. போட்ட விதை போதவில்லை, ஊற்று பிடிப்பதற்குள் கிருமி பிடித்துக்கொண்டது. வாயாடி போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று, பாப்பா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். சிஸ்டர் கிட்டே போனார். "நீங்க வீட்டுக்குப் போங்க பெரியம்மா. டியூட்டி இருக்கும்" என்றாள். அதட்டலில்லை, அழுகையில்லை. கதவு சாத்திக்கொண்டது.

சண்டை என்று ஒன்று நடக்கவேயில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கும். பாப்பா விசேஷங்களுக்குக் கூப்பிட்டாள், உடம்பு சரியில்லையென்றால் ஆள் அனுப்பி விசாரித்தாள், மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து பேச மாட்டாள். அவர் வந்தால் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்ட யாருமில்லை. சிஸ்டர் அந்த நாட்களிலும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

வைத்தியம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. ஓடிய ஒவ்வொரு அடியும் சிஸ்டரை மிதித்துக்கொண்டு ஓடியது. சில வருஷம் கழித்து, ஒரு பை போதாவிட்டால் இன்னொரு பிள்ளையின் பையையும் சேர்த்துப் போடலாம், பெரியவர்களுக்கே பலிக்கிறது என்று செய்தி வந்தது. ரத்த டாக்டர் அதைச் சிஸ்டரிடம் சொல்லாமல் வைத்திருந்தார், வேறு யாரோ டீ அறையில் உளறிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரி சேமிப்பில் அப்போதே எத்தனை பைகள் இருந்தன, அவர் கையாலேயே நிரப்பியவை! இன்னும் கொஞ்ச காலம் போனதும், முழுப் பொருத்தமே வேண்டாம், தாயோ தகப்பனோ பாதி பொருந்தினாலே மஜ்ஜை கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. பாதிதான் பொருந்துகிறது என்று திருப்பி அனுப்பினார்களே பாப்பாவை, அந்தப் பாதி. அதற்கப்புறம் கொடிப் பைகளைக் கேட்டு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

கடைசியாக வந்ததுதான் கொடுமை. பிள்ளை பிறந்ததும் கொடியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், அந்த ரத்தம் பிள்ளைக்குப் போவதுதான் நல்லது, ரத்தசோகை வராது என்று மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். கொடியில் துடிப்பு நிற்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். சில இடங்களில் கொடியை உருவியும் விடுகிறார்களாம். சிஸ்டர் ஓய்வு பெறப்போகிற வருஷம் அது. புதிய டாக்டரம்மா, நடந்தது எதுவும் தெரியாதவர், பயிற்சி நர்ஸுகளைக் கூட்டிவந்து நிறுத்தினார். "நம்ம சிஸ்டர் அந்தக் காலத்துலயே இதைச் செஞ்சவங்க. எப்படி உருவறதுன்னு கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர், எல்லாரும் பாக்கட்டும்." சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு மறந்துபோச்சு டாக்டர்" என்றார்.

பேரனுக்கு, அதுதான் அந்தக் கொழுகொழுத் தம்பிக்கு, கல்யாணமாகி அவன் மனைவி பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பாப்பா போன் செய்து, "நீங்க வந்து கூட இருங்க பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான். சிஸ்டர் அவசரத்தில் இரண்டு தடவை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். பேரன் உள்ளே மனைவியோடு இருந்தான். வெளியே பெஞ்சில் இவர்கள் இருவர். பாப்பாவின் தலையிலும் நரை ஓடியிருந்தது.

நல்ல சேலை கட்டிய ஒரு பெண் வழவழப்பான காகிதத்தோடு வந்தாள். பிறக்கப்போகிற பிள்ளையின் கொடி ரத்தத்தைத் தங்கள் கம்பெனியில் சேமித்து வைத்தால் ஆயுசுக்கும் பாதுகாப்பு என்றாள். காகிதத்தில் ஒரு குண்டுக் குழந்தை சிரித்தது. அவள் நகர்ந்ததும் பாப்பா கேட்டாள், "என்ன பெரியம்மா, வெக்கலாமா?"

"வீட்ல யாருக்கும் நோயில்லன்னா வெச்சுப் பிரயோஜனம் ரொம்பக் கம்மி பாப்பா. டெஸ்ட்ல மருமகளுக்கு அந்தக் கோளாறு இல்லன்னு வந்துடுச்சு. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்தாத்தான் அது நோய், அதனால பிள்ளைக்கு வராது. அந்த ரத்தம் பிள்ளைக்கே போகட்டும்" என்றார் சிஸ்டர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாப்பா காகிதத்தை நான்காக மடித்தாள். "உங்களுக்கு உண்மையைச் சொல்லாம இருக்கவே வராதுல்ல?" என்றாள்.

சிஸ்டர் மடிமேல் இருந்த கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். அன்னைக்கு ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"உன்கிட்ட எப்படிடி மறைப்பேன்? நடந்ததைத் தெரிஞ்சுக்க உனக்கு உரிமை இருக்கே."

"டாக்டர் சொல்ல வேணாம்னாராமே. அப்புறமா அவரே சொன்னாரு." பாப்பாவின் குரல் உயரவில்லை. "மறதியா கை போயிடுச்சு, அதுக்காக உங்க மேல எனக்குக் கோவம் வந்ததேயில்ல பெரியம்மா. யாருக்கும் நடக்கும். ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா, கொடியில அவ்வளவுதான் இருந்துச்சு, என் தலையெழுத்துன்னு நெனச்சிருப்பேன். அவ போன அன்னைக்கு உங்க மடியில விழுந்து கத்தியிருப்பேன். எனக்கு அம்மா கிடையாது. உங்களை விட்டா யார் இருந்தா? நீங்க சொல்லிட்டு பாரத்தை இறக்கி வெச்சிட்டீங்க. அதுக்கப்புறம் உங்க மடியில எப்படி அழறது? அழுதா உங்களைக் குத்திக் காட்டற மாதிரி இருக்கும். அதனால அழவேயில்ல. இத்தனை வருஷமா அழல."

சிஸ்டர் இத்தனை காலமும் கையைத்தான் நொந்துகொண்டிருந்தார். அந்த ஒரு நாளில் தான் செய்த ஒரே சரியான காரியம் ஒளிக்காமல் சொன்னதுதான் என்று, அதை மட்டும் ஊன்றிக்கொண்டு நடமாடி வந்தார். இப்போது அதுவும் போய்விட்டது. சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து இறங்கியது எங்கே போய் உட்கார்ந்தது என்று ஒரு தரம்கூட அவர் யோசிக்கவில்லை.

உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல கனத்த குரல். "பொண்ணு பொறந்திருக்கு!" என்று யாரோ கதவைத் திறந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, மடிமேல் கிடந்த பையைக் கீழே வைத்தார்.

"இப்ப அழுடி பாப்பா" என்றார்.

பாப்பா அந்த மடியைப் பார்த்தாள்.

"இப்ப வரலை பெரியம்மா" என்றாள்.